புழங்காத கணக்கு, பறிபோகும் பெயர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பதிப்பகத்தின் பெயரில் உள்ள எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) கணக்கில் நாங்கள் எதுவும் எழுதுவதில்லை. முடக்கி வைத்தால் பயனர்பெயர் பத்திரமாக இருக்குமா?

பதில்: இருக்காது. எக்ஸில் முடக்குவது அழிப்பதற்கான முதல் படி. 30 நாள்களுக்குள் மீண்டும் உள்நுழையாவிட்டால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். இன்ஸ்டாகிராமில் தற்காலிக முடக்கம் வேறு, நீக்கம் வேறு என்பதால் அங்கே முடக்கலாம். எக்ஸ் கணக்கைத் திறந்தே வைத்து, உங்கள் இணையதள முகவரியை மட்டும் அறிமுகப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை உள்நுழைய வேண்டும்?

பதில்: எக்ஸின் விதிப்படி 30 நாள்களுக்கு ஒருமுறையாவது. 2019இல் செயலற்ற கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்த அந்நிறுவனம், மறைந்தவர்களின் கணக்குகள் என்னவாகும் என்று எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. அதை நம்பி மாதாந்திர நினைவூட்டல் வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் கடவுச்சொல் மிகக் கடினமானது. அது போதாதா?

பதில்: முன்கதவுக்குப் போதும், ஆபத்து கொல்லைப்புறத்தில் இருக்கிறது. வெளியேறிவிட்டு, 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்திப் பாருங்கள். நட்சத்திரக் குறிகளுக்குப் பின் தெரியும் கடைசி இரண்டு இலக்கங்கள் இன்று உங்கள் கையில் உள்ள எண்ணுடையவைதாமா? இந்தியாவில் இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கலாம். அதன்பின் ஓடிபி அவருக்குத்தான் போகும். மின்னஞ்சலும் அப்படியே: யாஹூ 2013இல், ஓராண்டுக்கும் மேலாகப் புழங்காத முகவரிகளைப் பிறருக்குத் திறந்துவிட்டது, கூகுளோ இரண்டாண்டு தொடப்படாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கிவருகிறது. எனவே அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலை இணைத்து, இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு குறியீடும் கேட்கும் முறை) குறியீடு தரும் செயலி வழியாக அமையுங்கள் (எக்ஸில் குறுஞ்செய்தி வழி 2023 மார்ச் முதல் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே). அப்போது கிடைக்கும் மாற்றுக் குறியீட்டைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கைபேசி தொலைந்த அன்றுதான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: என் பெயரை விலைக்குக் கேட்டு ஒருவர் இணைப்பு அனுப்பியிருக்கிறார்.

பதில்: திறக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்தால் பெயர் எனக்கே சொந்தமா?

பதில்: பிறர் திருடுவதைத் தடுக்கலாம், தளமே எடுத்துக்கொள்வதைத் தடுக்க இயலாது. 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயரை மாற்றியபோது, 'எக்ஸ்' என்ற ஒற்றையெழுத்துப் பயனர்பெயரைப் பல ஆண்டுகள் வைத்திருந்த புகைப்படக் கலைஞரிடமிருந்து அதைப் பணம் ஏதும் தராமலேயே எடுத்துக்கொண்டது. பதிப்பகப் பெயர் என்றால் வணிகக்குறியாகப் பதிவுசெய்துவிடுங்கள். வேறொருவர் அந்தப் பெயரில் வந்தமர்ந்தால் தளத்தில் முறையிட அந்தச் சான்றிதழ் உதவும்.