'அகெய்ன்' எங்கே உட்காரும்? 'ரிபீட்' எப்போது கூடாது?

ஆங்கில 'அகெய்ன்' பற்றியும் அதன் பங்காளிச் சொற்கள் பற்றியும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவையும், இரு மொழி இலக்கணமும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பதில்களும்.

பண்ருட்டி, முந்திரி ஏற்றுமதி அலுவலகம்: ஐயா, மெயிலில் "ஐ அகெய்ன் டோல்ட் ஹிம்" என்று எழுதினால் மேனேஜர் அடித்துவிடுகிறார். என்ன தப்பு?

இலக்கணத் தப்பு இல்லை, காதுக்குத்தான் இடறுகிறது. தமிழில் 'மறுபடியும்' வினைக்கு முன்னால் வரும்: "மறுபடியும் சொன்னேன்". அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் முன்னால் தள்ளிவிடுகிறோம். 'அகெய்ன்' உட்காருவது பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில்: "ஐ டோல்ட் ஹிம் அகெய்ன்", "ஐ சென்ட் த இன்வாய்ஸ் அகெய்ன்". 'ஆஃபன்' வினைக்கு முன்னால் வருகிறதே என்று இதையும் அங்கே செருக வேண்டாம்.

தலையில் வைத்தால் அர்த்தமே நகர்ந்துவிடும். "அகெய்ன், த ரேட் இஸ் டூ ஹை" என்றால் விலை மறுபடி ஏறிவிட்டது என்று ஆகாது. 'முன்பே சொன்னேனே, திரும்பவும் சொல்கிறேன்' என்ற தொனி வரும். வாங்குகிறவருக்கு அது சுருக்கென்று இருக்கும். பாக்கி கேட்கும் மெயிலில் 'யெட் அகெய்ன்' வரவே கூடாது, அதில் அலுப்பு தெரியும். நன்றி சொல்ல 'ஒன்ஸ் அகெய்ன்' போதும்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: 'ரிபீட் அகெய்ன்' தவறு என்று மார்க் குறைத்துவிட்டார்கள். எப்போதுமே தவறா சார்?

எப்போதும் இல்லைம்மா. முதலில் சொன்னது ஒன்று, ரிபீட் செய்தது இரண்டு, அதன்பின் 'ரிபீட் அகெய்ன்' என்றால் மூன்றாவது தடவை. கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டாம் தடவைக்கே அப்படி எழுதினால்தான் கூறியது கூறல். 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்' இரண்டிலும் 'பேக்' தேவையில்லை. 'ரிவர்ட்' என்பதைப் 'பதில் போடு' என்ற பொருளில் நம் அலுவலகங்கள் எழுதுகின்றன. லண்டன்காரருக்கு அது 'பழைய நிலைக்குத் திரும்பு' என்றுதான் படும். வெளிநாட்டுக் கடிதமென்றால் 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

கடலூர் முதுநகர், விசைப்படகு: வயர்லெஸ்ஸில் எதிராளி சொன்னது காதில் விழாவிட்டால் நாங்கள் 'ரிபீட்' என்போம். பயிற்சியில் 'சே அகெய்ன்' சொல்லச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதானே அண்ணே?

கரையில் ஒன்று, கடலில் ஒன்றல்ல. சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த தொடர்பு வாசகங்களில், சரியாகக் கேட்காதவர் சொல்ல வேண்டியது 'சே அகெய்ன்'. 'ரிபீட்' என்பது பேசிக்கொண்டிருப்பவருக்கு உரிய சொல். தன் செய்தியின் முக்கியப் பகுதியை அவரே இரண்டாம் முறை சொல்லப்போகிறார் என்பதற்கு அடையாளம்: "டு நாட் ஓவர்டேக், ரிபீட், டு நாட் ஓவர்டேக்". எண்களுக்கும் அப்படியே. 12.6 மீட்டர் என்றால் முதலில் வழக்கம்போலச் சொல்லி, 'ரிபீட்' போட்டு, "ஒன் டூ டெசிமல் சிக்ஸ்" என்று இலக்கம் பிரித்துச் சொல்வார்கள்.

நீங்கள் 'ரிபீட்' என்று சொல்லி நிறுத்தினால், ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று அவர் காத்திருப்பார். அவர் சொல்லட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். ராணுவ வயர்லெஸ்ஸில் இது இன்னும் பெரிய வினை: பீரங்கிப் படையிடம் 'ரிபீட்' என்றால் அதே இலக்கில் மறுபடி சுடு என்று பொருள். கேட்காமல் போனது எந்தப் பகுதியோ அதை மட்டும் கேளுங்கள்: "சே அகெய்ன் யுவர் பொசிஷன்". ஆபத்து அழைப்பில் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். சேனல் 16-இல் 'மேடே' 3 முறை, 'திஸ் இஸ்', படகின் பெயர் 3 முறை, பிறகு இருக்கும் இடம்.

வில்லியனூர்: தெருவில் அடிக்கடி கரண்ட் போகிறது என்று ஆங்கிலத்தில் மனு எழுதினேன். 'நௌ அண்ட் அகெய்ன்' போட்டிருக்கிறேன். சரியா?

உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள். 'நௌ அண்ட் அகெய்ன்' என்றால் எப்போதாவது ஒருமுறை. 'எப்போதாவதுதானே' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். 'அகெய்ன் அண்ட் அகெய்ன்' திரும்பத் திரும்ப, ஆனால் அது பேச்சுச் சூடு. மனுவுக்கு 'ஃப்ரீக்வென்ட்' பொருந்தும், இடைவெளி குறைவு என்பதை அது சொல்லும். போய்ப் போய் வருகிறது என்றால் 'கன்டினியுவல்', 3 மணி நேரம் வரவே இல்லை என்றால் 'கன்டினியுவஸ்'. முன்பே புகார் கொடுத்திருந்தால் 'டிஸ்பைட் ரிபீட்டட் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே தேதிகளைப் போடுங்கள். தேதி இல்லாத 'ரிபீட்டட்' வெறும் புலம்பல். சரிசெய்த பிறகும் அதே கோளாறு திரும்புகிறது என்றால் 'ரெக்கரிங்'. தபால் ஆபீசில் 60 மாதம் கட்டுகிறோமே, அந்த ரெக்கரிங் டெபாசிட்டில் உள்ள அதே சொல்தான்.

முத்தியால்பேட்டை: கச்சேரியில் 'ஆன்கோர்' என்று கத்தினேன். பிரெஞ்சு படித்த தாத்தா சிரிக்கிறார். ஏன்?

பிரெஞ்சில் 'ஆன்கோர்' என்றால் 'இன்னும், மறுபடி' என்று பொருள் உண்டு. ஆனால் பாடகரை மறுபடி பாடச் சொல்ல பிரெஞ்சுக்காரர்கள் 'பிஸ்' என்றுதான் கூவுவார்கள், லத்தீனில் 'இருமுறை'. 'ஆன்கோர்' கூச்சல் ஆங்கிலேயருடையது. நமக்கு 'ஒன்ஸ்மோர்' இருக்கும்போது இரண்டும் எதற்கு?

நெல்லிக்குப்பம், துணிக்கடை: 40 மீட்டர் வாங்கியிருந்தேன். அடுத்த ஆர்டரில் 'ஹாஃப் அஸ் மச் அகெய்ன்' என்று எழுதினேன். 20 மீட்டர்தான் வந்தது. யார் தப்பு?

அவர்கள் தப்பு. 'ஹாஃப் அஸ் மச்' என்றால் பாதி, 20. 'அகெய்ன்' சேர்ந்தால் ஒன்றரை மடங்கு, 60. 'அஸ் மச் அகெய்ன்' என்றால் இரட்டிப்பு, 80. ஆனாலும் ஆர்டரில் இலக்கத்தை எழுதுவதுதான் புத்தி.

பாகூர், தமிழாசிரியை: பிள்ளைகள் 'அகெய்ன் அகெய்ன்' என்கிறார்கள். 'மீண்டும் மீண்டும்' நமக்குச் சரி, ஆங்கிலத்தில் ஏன் ஆகாது?

நமக்கு அது அடுக்குத்தொடர். பிரித்தாலும் 'மீண்டும்' தனியே பொருள் தரும், 'சலசல' போன்ற இரட்டைக்கிளவி அப்படித் தராது. அடுக்குக்கு நாலு வரை இடமுண்டு, பாம்பைக் கண்டால் யாரும் இரண்டோடு நிறுத்துவதில்லை. ஆங்கிலம் நடுவில் 'அண்ட்' கேட்கும்.

சுவையான செய்தி ஒன்று: 'மீண்டும்' பிறந்தது 'மீள்' என்பதிலிருந்து, 'திரும்ப' பிறந்தது 'திரும்பு' என்பதிலிருந்து. 'அகெய்ன்' சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'எதிரே, திரும்பி' என்றே பொருள்பட்டது. 'அகெய்ன்ஸ்ட்' அதன் உடன்பிறப்பு. அதனால்தான் "கதவைத் திரும்பச் சாத்தினான்" என்பது இரு மொழியிலும் இரட்டுற நிற்கிறது: இரண்டாம் தடவை சாத்தினானா, திறந்து கிடந்ததைப் பழையபடி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தானா? எழுத்தில் ஐயம் வந்தால் முதலாவதற்கு 'இரண்டாம் முறை' என்றும், அடுத்ததற்குப் 'பழையபடி' என்றும் எழுதச் சொல்லுங்கள்.

முதலியார்பேட்டை: ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டேன் என்று மெயில் போட்டேன். வேலையை விட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டார்கள்!

சிறு கோடு விட்டுப்போயிருக்கும். 'ரீ' என்று நீட்டி, கோடு போட்டு 'ஸைன்' எழுதினால் மறுபடி கையொப்பம். கோடு இல்லாவிட்டால் 'ரிஸைன்', ராஜினாமா. இதே வம்பு 'ரீ-கவர்', 'ரிகவர்' ஜோடிக்கும் உண்டு: ஒன்று சோபாவுக்கு உறை மாற்றுவது, மற்றது நோயிலிருந்து தேறுவது. ஒப்பந்தத்துக்கு 'ரினியூ' என்று போட்டுவிடுங்கள்.