வெள்ளைக்காரன் போட்ட ரயில் நமக்கெதற்கு?

கேள்வி: தஞ்சோங் பகார் ரயில் நிலையம், புக்கித் தீமா நிலையம், இரும்புப் பாலம் என்று எல்லாவற்றையும்தான் சிங்கப்பூர் அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறதே. அப்புறமும் ‘டிராம் எங்கே ஓடியது, ரயில் எங்கே நின்றது’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் தன் சௌகரியத்துக்குப் போட்ட ரயிலை நினைத்துத் தமிழர்களாகிய நாம் ஏன் உருக வேண்டும்?
- வாசகர், ஈசூன்

பதில்: உருக வேண்டாம் ஐயா. கணக்குக் கேட்டால் போதும்.

வெள்ளைக்காரன் பணம் போட்டான், படம் போட்டான், முதல் வகுப்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தும் போனான். ஜல்லி கொட்டி, சிலிப்பர் கட்டையைத் தூக்கி வைத்து, வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டே நடந்தது யார்? மலாயா ரயில்வேயின் பாதை வேலையில் பெரும்பகுதி தென்னிந்தியக் கூலிகளுடையது. அதிலும் தமிழர்கள்தான் அதிகம். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் குமாஸ்தா மேசையிலும் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர் இருந்தார்கள். வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஈசூனிலிருந்துகூட கேள்வி அனுப்பியிருக்கலாம், யார் கண்டது?

தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக்குப் போகிறீர்கள் அல்லவா? 1903 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது அதன் தொடக்கம் அதே டேங்க் ரோடுதான். நகரத்தார் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் மூத்தது. ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு மேலே பாலம் கட்டி, நியூட்டன், புக்கித் தீமா என்று போய், சில மாதங்களில் உட்லண்ட்ஸைத் தொட்டது பாதை. அங்கே இறங்கிப் படகேறினால்தான் ஜோகூர். கடற்பாலத்தின் மேல் ரயில் ஓட 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1932இல் பாதையை மேற்கே திருப்பி தஞ்சோங் பகாரில் பெரிய நிலையத்தைக் கட்டியதும் டேங்க் ரோடு நிலையத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது போய்த் தேடினால் கோயில் இருக்கிறது, நிலையம் இல்லை.

டிராமின் கதி இன்னும் மோசம். நீராவி டிராம் 1886இல் வந்தது. அடுத்த வருடம் இங்கே ‘சிங்கை நேசன்’ தமிழ் வார இதழ் வரத் தொடங்கியது என்றால் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிக்‌ஷாவோடு மல்லுக்கட்ட முடியாமல் 1894இல் அது படுத்துவிட்டது. பிறகு 1905இல் மின்சார டிராம். அதற்காக மெக்கன்சி ரோட்டில் ஒரு மின் நிலையம் கட்டினார்கள். 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸிலும் நார்த் பிரிட்ஜ் ரோட்டிலும் நகரசபை மின்விளக்கு ஏற்றியபோது, மின்சாரத்தை டிராம் கம்பெனியிடம்தான் விலைக்கு வாங்கியது. மெக்கன்சி ரோடு எங்கே இருக்கிறது? தேக்காவுக்குப் பக்கத்தில். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்குக்கு அடியில் செல்ஃபி எடுக்கிறோமே, ஊருக்கு மின்விளக்கு வந்த கதையே அந்த வட்டாரத்திலிருந்துதான் கிளம்புகிறது. நம் பிள்ளைகளில் யாருக்காவது சொல்லியிருக்கிறோமா? 1927இல் டிராம் நின்றது. அதன் இடத்துக்கு வந்த டிராலிபஸ்ஸும் (மேலே போகும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்) 1962இல் நின்றது. அதில் ஏறியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். டிராமில் ஏறியவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அந்த வேலையை நாற்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

சரி, ‘எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டார்கள்’ என்கிறீர்களே, அதற்கு வருவோம்.

காப்பாற்றியது உண்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்டவாளமும் நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தவை. இரண்டு நாடும் இருபது வருடம் இழுபறியாக இருந்துவிட்டு 2010இல்தான் முடிவுக்கு வந்தன. (அந்த இழுபறியில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது; மலேசியா தஞ்சோங் பகாரைவிட்டு நகரவில்லை. ஆகவே ரயிலேறும்போதே மலேசியாவுக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்துத்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறினோம்.) 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்து மலேசியாவிடம் கொடுத்தாயிற்று. தஞ்சோங் பகார் தேசிய நினைவுச்சின்னமானது. புக்கித் தீமா நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022இல் திறந்தது. 24 கிலோமீட்டர் பாதை நடைபாதையானது. அதுவும் சும்மா நடக்கவில்லை. ‘இந்த நிலத்தைத் துண்டு போடாதீர்கள்’ என்று இயற்கைச் சங்கத்தார் 2010இலேயே திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் கட்டடத்துக்கு வாய் கிடையாது. புக்கித் தீமா நிலையத்துக்குப் போகிறவர்கள் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், காப்பி குடிக்கிறார்கள். அந்தச் சின்ன நிலையம் எதற்காக அங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டால் தீர்ந்தது கதை. அதற்காக டோக்கன் முறை. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் நிலையத்தில் ஒரு கருவி இருக்கும். அடுத்த நிலையத்துக் கருவியோடு மின்கம்பியால் பிணைக்கப்பட்டது அது. ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது திரும்பி உள்ளே போகிற வரைக்கும் இன்னொன்று வராது. கையில் டோக்கன் இல்லாமல் ரயிலோட்டி அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. டோக்கனை ஒரு பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி, நிலையத்து ஆள் நடைமேடையில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரயில் வேகம் குறைத்து வரும், நிற்காது. இன்ஜினிலிருப்பவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டு, புதியதைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு போவார். எம்ஆர்டி ஆளில்லாமல் ஓடுகிற ஊரில் 2011 வரைக்கும் இந்தக் கைமாற்று நடந்தது. சுல்தான் இன்ஜினில் நின்ற படம் உலகம் பூராவும் போயிற்று. வளையத்தை நீட்டிய கைக்கு உரியவர்களின் பெயர்களைக் கேட்டால் நாம் பேந்தப் பேந்த விழிப்போம்.

தஞ்சோங் பகார் நிலையத்துக் கூடத்தின் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல் நடவு, ரப்பர் மரம் சீவுதல், ஈயச் சுரங்கம், கொப்பரை, மாட்டுவண்டி, கப்பல் என்று அழகழகான சித்திரங்கள். வெளியே நான்கு பளிங்குச் சிலைகள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். எல்லாரும் இருக்கிறார்கள், பாதை வேலையை மேய்த்த மண்டோரும் (மேஸ்திரி) அவன் கேங்கும்தான் இல்லை. 1932இல் அது வெள்ளைக்காரன் சுவர், அவன் இஷ்டம். இப்போது அந்தச் சாக்கு நமக்குச் செல்லாது.

அந்தத் தொழிலாளர்கள் விட்டுப்போன அடையாளம் ஒன்று நன்றாகவே இருக்கிறது. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயில். அதே 1932இல், குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த தொழிலாளர்கள் சின்னதாக வைத்துக் கும்பிட்ட சாமி. பிறகு இடம் மாறி, இன்று பெரிய கோயில். தமிழனின் ரயில்வே நினைவுச்சின்னம் எது என்று என்னைக் கேட்டால், தஞ்சோங் பகாருக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். அரசாங்கம் காப்பாற்றவில்லை, கும்பிட்டவர்கள் காப்பாற்றினார்கள்.

ஆகவே அரசாங்கம் செய்ததா, செய்யவில்லையா என்பதை விடுங்கள். தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து சாதாரண மனிதர்களின் பேச்சைப் பதிவுசெய்து வருகிறது. பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் காசில்லாமல் புரட்டலாம். உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில்வேயிலோ டிராலிபஸ்ஸிலோ வேலை பார்த்திருந்தால், எந்த குவார்ட்டர்ஸ், பக்கத்து வீட்டில் யார், ராத்திரி ரயில் எத்தனை மணிக்குக் கடந்தது, மண்டோர் பெயர் என்ன என்று இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். ‘பழைய கதை சொல்லுங்க தாத்தா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்றுதான் பதில் வரும். படங்களின் பின்னால் பெயரை பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். சர்வீஸ் புத்தகம், பென்ஷன் கடிதம், குவார்ட்டர்ஸ் வாடகைச் சீட்டு எது இருந்தாலும் வீடு மாறும்போது குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன். மூலத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பத்திரிகை அலுவலகத்து மேசையை நம்பி யாரும் எதையும் கொடுக்கக் கூடாது.