சூனியக்காரிகளும் சமையலறைச் சம்பளமும்

கேள்வி: மார்க்சியப் பெண்ணியத்துக்கு இதுதான் வேதம் என்று நண்பர்கள் கையில் திணித்ததால் சில்வியா ஃபெடரிச்சியின் 'காலிபனும் சூனியக்காரியும்' படித்தேன். ஐரோப்பாவில் பெண்களைச் சூனியக்காரிகள் என்று கொன்று, மற்றவர்களை அடக்கிச் சம்பளமில்லாத வீட்டுவேலைக்குள் தள்ளிய அந்தச் சூனியக்காரி வேட்டை இல்லாமல் முதலாளித்துவம் காலூன்றியிருக்காது என்கிறார். முடிவை எழுதி வைத்துவிட்டு அப்புறம் வரலாற்றைத் தேடியதுபோல் இருக்கிறது. 'வீட்டுவேலைக்குச் சம்பளம்' என்ற அவருடைய பழைய கோஷமும் பெண்ணைச் சமையலறையிலேயே உட்காரவைக்கும் ஏற்பாடாகத்தான் படுகிறது. இந்தப் புத்தகங்களை அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோமோ?
— வாசகி, தேனி

பதில்: முதல் புகாரில் நான் உங்கள் கட்சி. லட்சக்கணக்கான பெண்களை எரித்தும் தூக்கிலிட்டும் வதைத்தும் ஒழித்தார்கள் என்று எழுதுகிறார். கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கும் என்பதே இன்று வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலோரின் கணக்கு. சரி, எண்ணிக்கையை விடுங்கள், எனக்கு இடிப்பது வரைபடம். பொது நிலங்களை வேலிபோட்டு வளைத்து, குடியானவர்களைக் கூலிக்குத் துரத்தியதில் முன்னோடி இங்கிலாந்து, அப்படியானால் அவர் வாதப்படி அங்கேதான் அதிகம் பேர் செத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே மொத்தமே 500 பேர் அளவுதான் (அதுவும் தூக்கு, எரிப்பு அல்ல). ஏறக்குறைய பாதிச் சாவுகள் ஜெர்மன் பேசும் சின்னச் சின்ன சமஸ்தானங்களில். ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்! இதற்கெல்லாம் புத்தகத்தில் திருப்தியான பதில் இல்லை. ஆனாலும் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடியானவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மார்க்ஸ், அவன் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று ஏன் கேட்கவில்லை என்றாரே, அந்தக் கேள்வி எண்ணிக்கையிலும் வரைபடத்திலும் தப்பு இருந்தாலும் நிற்கும்.

சம்பள விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். 1975ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'வீட்டுவேலைக்கு எதிராகச் சம்பளம்'. அன்பு, கடமை என்று பேர் வைத்து வாங்கிக்கொள்ளும் உழைப்புக்குக் காசு கேட்டால்தான் அது வேலை என்றே தெரியவரும், வேலை என்று தெரிந்தால்தான் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும் என்பது அவர் கணக்கு. உங்கள் சந்தேகத்தை உங்களைவிடக் காரமாகக் கேட்டவர் அமெரிக்கக் கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ். 1981ல் வந்த 'பெண்கள், இனம், வர்க்கம்' நூலின் கடைசி அத்தியாயத்தில், கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் சம்பளத்துக்குத்தானே தரை துடைத்தார்கள், அதில் என்ன விடுதலை வந்தது என்கிறார். இதற்கு என்னிடமும் பதில் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு நேரம் கிடைப்பதே வீட்டில் வேறொரு பெண் பாத்திரம் தேய்ப்பதால்தான்.

வெறுத்துப்போய் நிறுத்திவிடாமல் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982ல் வெளியிட்ட 'நரசாபூரின் லேஸ் பின்னுபவர்கள்' தேடிப் பாருங்கள். ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பகுதியில் அந்தப் பெண்களோடு பழகி எழுதியது. வீட்டிலிருந்தபடி ஒரு நாளைக்கு 6, 8 மணி நேரம் பின்னுகிறார்கள், சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது, விற்றுச் சம்பாதிப்பது ஆண்கள். கேட்டால், இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று பதில், கூலியும் அந்த லட்சணத்தில்தான். சூனியக்காரிகளை வைத்து ஃபெடரிச்சி இழுத்து இழுத்துச் சொன்னது இங்கே ஒரு நூல் கண்டிலேயே தெரிந்துவிடுகிறது.

டேவிஸின் அந்த அத்தியாயத்தையும் இதையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். திட்டித்தான் எழுதுவீர்கள் என்றாலும் பரவாயில்லை.