பழைய கார், டேஷ்போர்டு ஸ்விட்ச்: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்விட்சைப் பிடித்திருக்கும் முன்பக்க வளைய நட்டு அசையவே இல்லை. பிளையரால் திருகலாமா?

பதில்: பிளையரைக் கீழே வையுங்கள். வளையத்தில் எதிரெதிராக இரண்டு காடிகள் இருக்கும். பழைய குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பை அராவி, அவற்றில் உட்காரும்படி இரு பற்கள் வைத்துக்கொண்டால் கீறாமல் கழலும். முந்தின நாள் இரவே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திருகும்போது ஸ்விட்சின் உடலைப் பின்னாலிருந்து இன்னொரு கை பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயர்கள் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன் பாட்டரியின் எர்த் ஒயரை (காரின் உலோக பாடியோடு இணைந்திருப்பதை) கழற்றுங்கள்.

கேள்வி: இழுத்துப் போடும் ஸ்விட்சின் குமிழ் வர மறுக்கிறது.

பதில்: குமிழின் கழுத்துக்கு அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் வைத்த சிறு முளை இருக்கும். மெல்லிய கம்பியால் அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் குமிழ் கையோடு வந்துவிடும்.

கேள்வி: ஒரே ஆண்டில் மூன்று ஹெட்லைட் ஸ்விட்சுகள் போய்விட்டன. இப்போது வருகிற ஸ்விட்சுகளின் தரமே இவ்வளவுதானா?

பதில்: கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ நினைவு வந்ததுபோல, "100 வாட் பல்பு போட்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காரில் முதலில் இருந்தவை 45 வாட் அளவிலான பல்புகள். இரண்டும் சேர்ந்து 7, 8 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பல்புகள் 17 ஆம்பியர் இழுக்கின்றன. அத்தனையும் டேஷ்போர்டு வரை வந்து, ஸ்விட்சுக்குள் இருக்கும் பட்டாணி அளவுத் தொடுமுனை வழியாகத் திரும்பிப் போகிறது. அப்படி எரிந்த ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்: பித்தளை நாக்கு நீலம் பாய்ந்து, ரிவெட் தளர்ந்து, அடித்தட்டு கரியாகி விரல் பட்டதும் உதிர்ந்தது. அந்த நிலையில் தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிது.

ரிலே போடுங்கள்: ஸ்விட்ச் அனுப்பும் சிறு மின்சாரத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச் அது. எத்தனை முறை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும்: பாட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு, ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பாட்டரி ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ரிலேயின் சுருள் கால் ஆம்பியர்கூட இழுக்காது. ஸ்விட்ச் உங்களைவிட அதிக நாள் இருக்கும். வெளிச்சமும் கூடும். வழியில் பத்து சதவீத வோல்ட் வீணானாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ரிலே போட்டாலே போதும். 100 வாட் பல்பு தேவையே இராது.

கேள்வி: ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டேன். எது எங்கே என்று தெரியவில்லை.

பதில்: எந்தக் கார், எந்த ஆண்டு, எந்த ஸ்விட்ச்? எதுவும் எழுதவில்லை. கழற்றும் முன் ஒரு படம் எடுக்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? லூகாஸ் (பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனம்) ஒயரிங் என்றால்: பழுப்பு - பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம்; வெள்ளை - இக்னிஷன்; பச்சை - இக்னிஷனுக்குப் பின் பியூஸ் வழியாக வருவது; நீலம் - ஹெட்லைட்; சிவப்பு - பார்க் லைட்; கறுப்பு - எர்த். பழுப்புக்கு பியூஸ் கிடையாது. அது பாடியில் உரசினால் ஒயர்க்கட்டே உருகும். பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டீர்களா?

கேள்வி: பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) காருக்கு வேறு ஸ்விட்ச் வேண்டுமா?

பதில்: வேண்டாம். எல்இடி பதித்த ஸ்விட்சை மட்டும் தவிருங்கள்; எர்த் மாறினால் அது எரியாது.

கேள்வி: ஸ்விட்சை மாற்றியும் வைப்பர் ஓடவில்லை.

பதில்: மாற்றும் முன் சோதித்தீர்களா? பல பழைய கார்களில் வைப்பர் ஸ்விட்ச் எர்த் பக்கம்தான், அதாவது மோட்டாருக்கும் எர்த்துக்கும் நடுவில், இருக்கும். ஸ்விட்சுக்கு வரும் இரண்டு ஒயர்களையும் பியூஸ் வைத்த துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். ஓடினால் குற்றம் ஸ்விட்சில். ஓடாவிட்டால் மோட்டாரின் பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். எர்த் ஒயரைப் பெயிண்டுக்கு மேலேயே போல்ட் வைத்து முறுக்கியிருப்பார்கள்; பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. கழற்றிய ஸ்விட்சை இன்னும் எறியவில்லை என்று நம்புகிறேன்.