அல்பேனியக் கிரேக்கர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அல்பேனியா பற்றிய கட்டுரையில் தெற்கே வாழும் கிரேக்கர்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியை அவர்கள் ஆயுதம் ஏந்தி எதிர்க்கவே இல்லையா? அத்தனை வருடமும் வாய்மூடி இருந்துவிட்டார்களா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்த ஒரு வரி போதாதுதான். மன்னியுங்கள்.

ஆயுதம் ஏந்தினார்கள். ஆனால் ஹோஜா ஆட்சிக்கு வருமுன்பே அவர்களுடைய முதுகெலும்பு முறிக்கப்பட்டுவிட்டது. ஜிரோகாஸ்டர், சரண்டா, ஹிமாரா எல்லாம் அடங்கிய அந்தப் பகுதியைக் கிரேக்கர்கள் வட எபிரஸ் என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் அங்கே வட எபிரஸ் விடுதலை முன்னணி உருவானது. அதன் தலைவர் வாசிலியோஸ் சகினிஸை 1943 நவம்பரில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கொன்றார்கள். 1944 இறுதியில் ஹோஜா நாட்டைப் பிடித்தபோது அவரை எதிர்த்து நிற்கும் வலு அந்த முன்னணிக்கு இல்லை. ஹோஜாவும் ஜிரோகாஸ்டரில் பிறந்தவர்தான். அந்த மண்ணும் மனிதர்களும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிரேக்கர்கள் பலர் கம்யூனிஸ்ட் படையில் சேர்ந்தே போரிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் அந்நியப் படை நிற்கும்போது, சண்டைபோட யார் கூப்பிடுகிறார்களோ அவர்களோடு போகத்தான் செய்வார்கள். சிறுபான்மை உரிமை தருவோம் என்ற வாக்கும் இருந்தது. கடைசியில் கிடைத்தது 99 கிராமங்களுக்கு மட்டுமான அங்கீகாரம். ஹிமாரா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அப்புறம் எல்லை மூடப்பட்டது. ஒருவன் தப்பி ஓடினால் அவன் குடும்பத்தையே வீட்டைவிட்டுப் பெயர்த்துத் தூரத்து ஊருக்கு அனுப்பினார்கள். தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தவனும் அம்மாவையும் தங்கையையும் நினைத்துத் தயங்குவான் இல்லையா?

ஆனால் வாய்மூடி இருந்தார்கள் என்பதை என்னால் ஏற்கமுடியாது. 1967இல் தேவாலயங்கள் மூடப்பட்டன. ஈஸ்டருக்கு வீட்டுக்குள்ளேயே முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். சாப்பிட்டபின் அந்த ஓடு ஒரு துண்டுகூட யார் கண்ணிலும் படாமல் மறைக்கவேண்டும். 1975இல் வந்த ஆணை, ஆட்சியின் கொள்கைக்கு ஒவ்வாத பெயர்களை மாற்றச் சொன்னது. பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டுக்குள் பாட்டி கூப்பிட வேறு பெயர் என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

சரண்டாவுக்குத் தெற்கே, கிரேக்கத்தைச் சேர்ந்த கோர்ஃபு தீவுக்கும் அல்பேனியக் கரைக்கும் நடுவே கடல் ஓரிடத்தில் இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் குறுகுகிறது. எதிர்க்கரை விளக்குகள் தெரியும். இரவில் காவல் படகுகளுக்குத் தப்பி அதை நீந்திக் கடந்தவர்கள் உண்டு. சுடப்பட்டவர்களும் உண்டு.

ஹோஜா 1985இல் இறந்தபிறகும் இது நிற்கவில்லை. 1990 டிசம்பரில், ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரத்தில், அலிகோ என்ற கிராமத்து இளைஞர்கள் நான்குபேர் கிரேக்க எல்லையைக் கடக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அந்த எல்லையை நடந்தே தாண்டியிருப்பார்கள்.

ஹிமாராவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது இன்னும் சிக்கலான கதை.

அன்புடன்.