புது வீடமைப்பும் கரிமக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் 40 மாடி கொண்டோ வரப்போகிறதாம். ‘குறைந்த கரிமத் திட்டம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (செந்தூல் வாசகி)

பதில்: கரிமக் கணக்கு, அதாவது ஒரு கட்டடத்தால் வெளியாகும் கரியமிலவாயுவின் கணக்கு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் கேளுங்கள். குடியேறிய பிறகு ஆகும் மின்சாரத்தை மட்டும் காட்டினால் அது பாதிக் கணக்குதான். ஆள் குடிவரும் முன்பே சிமெண்டும் இரும்புக் கம்பியும் ஏராளமான கரியமிலவாயுவை வெளியேற்றி முடித்திருக்கும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லிலிருந்தே வாயு பிரிகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ என்றால் 44 கிலோ கரியமிலவாயு. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ குறையாது. அதனால் கான்கிரீட்டின் அளவைக் குறைப்பதும், சிமெண்டில் ஒரு பங்குக்கு இரும்பாலைக் கசடு அல்லது நிலக்கரிச் சாம்பல் கலப்பதும்தான் உருப்படியான வழிகள்.

அப்புறம், கார் நிறுத்தும் மாடிகள். ஒரு காருக்கான கட்டம் ஏறத்தாழ 12 சதுர மீட்டர். கார் போய்வரும் பாதையையும் சேர்த்தால் 25 ஆகிவிடும். வீட்டுக்கு இரண்டு கார் இடம் என்றால், 90 சதுர மீட்டர் வீட்டுக்காக 50 சதுர மீட்டர் கான்கிரீட் தளம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது! ‘சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ கரியமிலவாயு’ என்று மேம்பாட்டாளரின் அறிக்கையில் இருந்தால், அதில் நிறுத்துமாடியின் கான்கிரீட்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கட்டிவிட்டு, அடியில் ஏழெட்டு மாடி காருக்கென ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: வெட்டும் மரங்களுக்கு ஈடாக மரக்கன்று நடுவோம் என்கிறார்கள். ஏற்கலாமா? (செகாம்புட்)

பதில்: நடட்டும். நிழலுக்கும் மழைநீர் நிலத்தில் இறங்குவதற்கும் நல்லது. ஆனால் ஈடு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிய மரத்தில் இருக்கும் ஒரு டன் கரிமம் எரிந்தோ மக்கியோ போனால் 3.67 டன் கரியமிலவாயு ஆகிறது. கன்றுகள் அதைத் திரும்ப எடுக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், அதுவும் அவை பிழைத்தால். இருக்கும் மரங்களில் எத்தனையைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: செராஸில் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் சின்ன வீடு, செமினியில் பெரிய தரைவீடு, விலை ஏறக்குறைய ஒன்றுதான். வேலை கோலாலம்பூர் நகருக்குள். எதில் பாதிப்பு குறைவு? (புதுமணத் தம்பதி)

பதில்: செராஸ். செமினியிலிருந்து தினமும் போக வர 70 கிலோமீட்டர், மாதம் 22 நாள் வேலை என்று வையுங்கள். 1,540 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் 123 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் மாதம் சுமார் 280 கிலோ கரியமிலவாயு. வீட்டில் மாதம் 350 யூனிட் மின்சாரம் செலவானால், தீபகற்ப மலேசியாவின் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுமேல் என்பதால், 270 கிலோ. ஒரே ஒரு கார் வீட்டின் மொத்த மின்சாரத்தையும் மிஞ்சிவிடுகிறது! செராஸிலிருந்து போக எம்ஆர்டிக்கு மாதம் 50 ரிங்கிட் பயண அட்டை போதும்.

பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளப் பெரிய வீடுதான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமே. அப்போது காஜாங் எம்ஆர்டி நிலையம் வரை மட்டும் காரில் போங்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு எந்த ஏர்கான்? (கெப்போங்)

பதில்: ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயு உள்ளதை வாங்குங்கள். பழைய ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமிலவாயுவுக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான். பழையதைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: சாதாரணக் குடியிருப்பாளர்கள் கேட்டால் யார் காதில் விழும்? (பந்தாய் டாலாம்)

பதில்: விழ வைக்கலாம். ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்தை எதிர்த்துக் கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அது கரிமத்தைப் பற்றிய வழக்கு அல்லதான். ஆனாலும் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்குத் தட்டிக்கேட்கும் உரிமை உண்டு என்பது அதில் உறுதியாயிற்று.

அந்தப் பூங்காவை ஒட்டிய தற்காலிக வரிசை வீடுகளில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்ததையும் நாம் மறக்கக்கூடாது. ஆகவே ஆட்சேபக் கடிதத்தில் ‘வீடே வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். நிறுத்துமிடத்தைக் குறையுங்கள், கட்டுமானப் பொருளின் கரிமத்தையும் 60 ஆண்டுப் பயன்பாட்டையும் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள், நிலையத்துக்கு நிழலோடு நடைபாதை போடுங்கள் என்று எழுதுங்கள். மனைக்கு முன்னால் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துவைத்து, அதில் உள்ள கடைசித் தேதிக்குள் மாநகர் மன்றத்தில் நேரில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.