விஸ்கி பீப்பாயில் வைத்த காப்பிக் கொட்டையில் ஆல்கஹால் இருக்குமா?

கொட்டையாகவோ பொடியாகவோ வாங்கினால், அநேகமாக இல்லை. பயப்படாமல் குடிக்கலாம்.

போன தீபாவளிக்கு இதே கேள்வி எங்கள் வீட்டையும் இரண்டுபடுத்தியது. பெரியப்பா கும்பகோணத்தில் முப்பது வருடம் காப்பிப் பொடிக் கடை நடத்தியவர். அவருக்கென்று அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். உறையில் பீப்பாய்ப் படமும் போர்பன் விஸ்கியின் பெயரும் இருந்தன. பெரியம்மா அதை நிலைப்படி தாண்ட விடவில்லை. இரண்டு நாள் திண்ணையிலேயே கிடந்தது.

பெரியப்பாவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பீப்பாய்க்குள் போவது வறுத்த கொட்டை அல்ல, பச்சைக் கொட்டை. புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் மரக் கலத்தில்தான் போர்பனை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒரு தடவை பயன்பட்ட பீப்பாய்கள் அங்கே நிறையக் கிடைக்கும். அதில் பச்சைக் கொட்டையைக் கொட்டிச் சில வாரம் வைத்து, அவ்வப்போது உருட்டிவிடுகிறார்கள். பச்சைக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கடையில் மூட்டைக்கு அருகே யாராவது பெருங்காயத்தை வைத்துவிட்டால் பெரியப்பா போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

மரத்தில் ஊறியிருக்கும் விஸ்கியும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பிறகுதான் வறுவல். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதித்துவிடும். வறுவல் முடியும்போது கொட்டையின் சூடு 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். உள்ளிருக்கும் தண்ணீரே பெரும்பாலும் ஆவியாகிவிடும்போது ஆல்கஹால் எங்கே தங்கும்? மிஞ்சுவது மரத்தின் வனிலா வாசனையும் விஸ்கியின் சாயலும்தான்.

“நீ காலையில் குடிக்கிற நீராகாரத்தில் இதைவிட அதிகமாக இருக்கும்” என்றார் பெரியப்பா. புளித்த சோற்று நீரில் துளி ஆல்கஹால் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. அன்று மாலை அவருக்குக் காப்பியே கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். காப்பியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறக்கிய பிறகு, அந்தத் திரவத்தையே பீப்பாயில் ஊற்றி வைப்பதும் உண்டு. அதற்குப் பிறகு அடுப்பே கிடையாது என்பதால் மரத்திலிருந்து இறங்கிய ஆல்கஹால் அதில் இருக்கலாம். வறுத்த பிறகு தெளிக்கும் சில வாசனைச் சாறுகளும் ஆல்கஹாலில் கரைத்தவை. உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐரிஷ் காப்பி என்பது விஸ்கி ஊற்றியே தருவது. அதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

குடியை விட்டவர் யாராவது வீட்டில் இருந்தால், ஆல்கஹால் இல்லாவிட்டாலும் நான் இதை வாங்க மாட்டேன். அந்த வாசனை ஒன்றே பழைய ஆசையைக் கிளப்பப் போதும். மார்க்கக் கட்டுப்பாட்டுக்காக மதுவைத் தொடாதவர்கள், பீப்பாய் பட்டதே ஆகாது என்று நினைத்தால் அதுவும் நியாயமே.

மூன்றாம் நாள் பெரியப்பா தானே அரைத்து, பில்டரில் டிகாக்ஷன் இறக்கி, பசும்பால் சேர்த்து டபராவில் ஆற்றிக் குடித்தார். பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும் விஸ்கி வாசனை போன இடம் தெரியவில்லை. “சாராயம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, இதில் காப்பியே இல்லையே” என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.